ரிலாக்ஸரை விட்ட பிறகு தலைமுடி: எது கோளாறு, எது இயல்பு

சுருள்முடியை ரசாயனத்தால் நேராக்கும் பூச்சுதான் ரிலாக்ஸர். அதை நிறுத்தி நாலைந்து மாதம் ஆனதும் எழும் புகார்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். முடி ஒடிகிறது. காய்ந்து கிடக்கிறது. சீப்பு நுழைய மறுக்கிறது. வளர்ந்தபாடில்லை. என்ன தடவினாலும் படியாமல் பொசுபொசுவென்று நிற்கிறது. இந்தப் பட்டியலில் பாதி கோளாறே கிடையாது. இறுக்கமாகச் சுருளும் ஆப்பிரிக்க முடி பிறந்தபடி அப்படித்தான் இருக்கும். சின்ன வயதிலேயே ரிலாக்ஸர் பூசப்பட்ட பெண், வளர்ந்து ஆளான பிறகுதான் தன் சொந்த முடியை முதல் தடவையாகப் பார்க்கிறாள். அது அவளுக்கு நோயாகத் தெரிவதில் வியப்பென்ன? மற்றப் பாதி நிஜமான கோளாறு. அதற்குக் காரணம் உண்டு, செய்யவேண்டியதும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்காததால்தான் பலர் ஆறேழு மாதத்தில் மனம் தளர்ந்து மறுபடி டப்பாவைத் திறக்கிறார்கள்.

இது ஆப்பிரிக்க வம்சாவளியினரின் முடியைப் பற்றியது. லண்டன், டொராண்டோ, பாரிஸ், டர்பன் போன்ற ஊர்களில் அந்தக் குடும்பங்களோடு சம்பந்தம் கலந்த தமிழ் வீடுகள் இருக்கின்றன. மருமகளின் தலையையோ பேத்தியின் தலையையோ புரிந்துகொள்ள விரும்புகிறவர்களையும் நினைத்தே எழுதுகிறேன். நம் ஊர் அழகு நிலையத்தில் ரீபாண்டிங் செய்துவிட்டு நிறுத்திய சுருட்டை முடிக்காரர்களுக்கும் சில பகுதிகள் உதவும்.

அறிகுறிகளுக்குப் போகுமுன் ஒரு விஷயம். ரிலாக்ஸரில் வேலை செய்வது கடுங்காரம். சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது காஸ்டிக் சோடா. அல்லது குவானிடின் ஹைட்ராக்சைடு. முடிக்கு உறுதியையும் வடிவத்தையும் தருவன, புரத இழைகளைக் குறுக்கே பிணைக்கும் கந்தகப் பிணைப்புகள். காரம் அவற்றை உடைத்து லாந்தியோனின் என்ற வேறொரு பிணைப்பாக மாற்றிவிடுகிறது. இதைத் திரும்பப் பெற வழியே இல்லை. எந்த எண்ணெயும், எந்தப் புரதப் பூச்சும், எவ்வளவு விலையானாலும், ரிலாக்ஸர் பட்ட முடியைப் பழையபடி சுருள வைக்காது. புதிதாக வேரிலிருந்து வருவது மட்டுமே உங்கள் முடி.

எல்லாவற்றுக்கும் முன் இரண்டு சோதனை

சீப்பில் வந்த முடியை வெள்ளைத் துணிமேல் போட்டுப் பாருங்கள். ஒரு முனையில் கடுகைவிடச் சின்னதாய் வெள்ளைக் குமிழ் இருந்தால் அது வேரோடு உதிர்ந்த முடி. நாளுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது எல்லோருக்கும் உள்ளது. பின்னலை ஒரு மாதம் கழித்துப் பிரித்தால் அத்தனை நாள் உதிர்ந்ததும் மொத்தமாகக் கையில் வரும், பயப்படாதீர்கள். குமிழ் இல்லாமல் குட்டை குட்டையாக வந்தால் அது ஒடிந்த முடி. உதிர்வுக்குக் காரணத்தை உடம்பிலோ தலைத்தோலிலோ தேட வேண்டும். ஒடிவுக்குக் காரணத்தை முடியிலும் அதைக் கையாளும் விதத்திலும் தேட வேண்டும். இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் வாங்கும் பொருளெல்லாம் வீண்.

அடுத்தது, ஈரமான ஒற்றை முடியை இரு விரலால் மெல்ல இழுப்பது. கொஞ்சம் நீண்டு, விட்டதும் பழைய நிலைக்கு வந்தால் நலம். நீளாமலே பட்டென்று ஒடிந்தால் பெரும்பாலும் ஈரப்பசை போதவில்லை. சவ்வு போல நீண்டுகொண்டே போய் அறுந்தால் புரதம் சிதைந்திருக்கிறது.

“எல்லா முடியும் ஒரே இடத்தில் ஒடிகிறது”

இதுதான் நிஜக் கோளாறுகளில் முதலாவது. புது முடியும் ரிலாக்ஸர் பட்ட முடியும் சந்திக்கும் கோட்டைத் தொட்டுப் பார்த்தாலே தெரியும்; வேரோரம் சொரசொரப்பாக, தடிமனாக இருப்பது திடீரென்று வழுவழுவென்று மெலியும். நைந்த புடவையில் புதுத்துணியை ஒட்டுப்போட்டால் தையலோரமாகவே கிழியும், அதே கதைதான் இங்கும். இழுவிசை முழுவதும் அந்தக் கோட்டில்தான் விழுகிறது.

தீர்வு இரண்டுதான். ஒன்று, ரிலாக்ஸர் பட்டதை மொத்தமாக வெட்டிவிடுவது. ‘பிக் சாப்’ என்று பெயர் பெற்றது. ஒரே நாளில் கோடும் போகும், கோட்டால் வரும் தொல்லையும் போகும். இரண்டாவது, வளரவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக நுனியை வெட்டிக்கொண்டே போவது. முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். ஆப்பிரிக்க முடி சராசரியில் அதைவிடச் சற்று மெதுவாகவே வளரும். தோள் நீள முடியை இந்த வழியில் மாற்ற இரண்டு வருடத்துக்கு மேலாகலாம். என் கருத்தைக் கேட்டால், மனம் ஒப்பினால் வெட்டிவிடுங்கள். இரண்டு குணமுள்ள முடியை ஒரே தலையில் வைத்துப் பராமரிப்பது ஒன்றரை மடங்கு வேலை. ஆனால் குட்டைமுடியோடு வேலைக்கும் கல்யாணத்துக்கும் போகத் தயங்குகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தத் தயக்கத்துக்குப் பின்னால் நூற்றாண்டுகளின் சரித்திரம் இருக்கிறது.

வளரவிடுவதாக முடிவு செய்தால் நான்கு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வெட்டுங்கள். காய்ந்த முடியில் சீப்பு வைக்கவே வேண்டாம். வேரையும் நுனியையும் பொருத்த இஸ்திரிக் கருவியைத் தேடாதீர்கள். அதற்குப் பதில் ஈரத்தோடு இரட்டைப் புரியாக முறுக்கி வைத்தோ, ரோலர் சுற்றியோ, காய்ந்தபின் பிரித்தால் இரண்டு பகுதியும் ஒரே அலையில் விழும். கடைசியாக, ‘சுருள வைக்கும் பெர்ம்’ போட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும் என்று யாராவது சொன்னால் அந்த நாற்காலியை விட்டு எழுந்துவிடுங்கள். பெர்மிலும் நம் ஊர் ரீபாண்டிங்கிலும் இருப்பது தயோகிளைக்கலேட். ஹைட்ராக்சைடு பட்ட முடிமேல் அதைப் பூசினால் கொத்துக் கொத்தாக ஒடியும்.

“கழுவிய மறுநாளே வைக்கோலாகிவிடுகிறது”

தலைத்தோல் சுரக்கும் எண்ணெய் நேர்முடியில் வழுக்கிக்கொண்டு நுனிவரை இறங்கும். இறுக்கமான சுருளில் ஒவ்வொரு வளைவிலும் அது தங்கிவிடும். அதனால் வேர் எண்ணெயாகவும் நுனி வறண்டும் இருப்பது இந்த முடியின் பிறவிக்குணம். கவனிப்பு தேவை, சிகிச்சை தேவையில்லை.

ஆனால் எண்ணெய் ஈரமாகாது. நம் வீடுகளில் இதைச் சொன்னால் ஒப்புக்கொள்ளவே மாட்டார்கள். ஈரம் என்றால் தண்ணீர். எண்ணெய் அந்தத் தண்ணீரை உள்ளே பிடித்து வைக்கும் மூடி மட்டுமே. காய்ந்த முடிமேல் ஷியா வெண்ணெயை (ஆப்பிரிக்க மரக்கொட்டையிலிருந்து எடுக்கும் கெட்டிக் கொழுப்பு) அப்பினால் வறட்சியைத்தான் பூட்டி வைக்கிறீர்கள். வரிசை இப்படி: கழுவிய முடி சொட்டச் சொட்ட இல்லாமல் நல்ல ஈரமாக இருக்கும்போதே, கழுவாமல் விடும் கண்டிஷனரைத் தடவுங்கள். அதன்மேல் கொஞ்சம் எண்ணெய், அதன்மேல் நுனிக்கு மட்டும் கெட்டியான கிரீமோ ஷியா வெண்ணெயோ. மெல்லிய முடியுள்ளவர்களுக்கு வெண்ணெய் அதிகப்படி; விட்டுவிடலாம்.

தேங்காயெண்ணெய் பற்றிக் கேட்பார்கள். இந்திய ஆய்வாளர்கள் தேங்காய், சூரியகாந்தி, கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டு 2003-ல் வெளியிட்ட ஆய்வில், கழுவும்போது முடி இழக்கும் புரதத்தைக் குறைத்தது தேங்காயெண்ணெய் மட்டுமே. அதிலுள்ள லாரிக் அமிலம் முடித்தண்டின் உள்ளே போகிறது. மற்றவை மேலேயே நிற்கின்றன. ஆகவே அதற்குச் சரியான நேரம் குளிப்பதற்கு முன்பு, இரவிலோ சில மணி நேரம் முன்போ. கழுவிய பிறகு பூசும் மேல்மூடியாக அது சிலருக்கு ஒத்துப்போகும், சிலருக்கு முடி விறைத்து நிற்கும். இரண்டு தடவை பூசிப் பார்த்து ஒத்துவராவிட்டால் அந்த இடத்துக்கு ஆமணக்கெண்ணெய் கலந்த ஏதாவது ஒன்றைப் பாருங்கள்.

இவ்வளவும் செய்து பலனில்லையென்றால் முடிமேல் ஏதோ படிந்திருக்கிறது. மூன்று இடத்தில் தேடலாம். ஒன்று, பழைய கிரீம்களின் சிலிக்கோனும் மெழுகும். மாதம் ஒருமுறை ஆழமாகச் சுத்தம் செய்யும் ஷாம்பு போதும். இரண்டு, உப்புநீர். லண்டன் குழாய்நீரில் சுண்ணாம்பு அதிகம். சென்னை ஆழ்துளைக் கிணற்று நீரில் குளித்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். மூன்றாவது பலருக்குத் தெரியாதது. ‘காஸ்டிக் இல்லாதது’ என்று விற்ற ரிலாக்ஸரில் கால்சியம் ஹைட்ராக்சைடு இருக்கும். அதனோடு குவானிடின் கார்பனேட்டைக் கலந்தால்தான் அது வேலை செய்யும். தோலை அது குறைவாக எரிக்கிறது என்பது மெய்தான். ஆனால் கால்சியம் முடிமேல் தங்கி, வருடக்கணக்கில் மொரமொரவென்று வைத்திருக்கும். உப்புநீருக்கும் இதற்கும் ஒரே மருந்து, உலோக உப்பைக் கரைத்தெடுக்கும் ஷாம்பு. பின்பக்கச் சீட்டில் ஈ.டி.டி.ஏ. சேர்த்திருப்பதோடு ‘சுண்ணாம்பு நீக்கும்’ வகை என்றும் சொல்லியிருக்கிறதா பாருங்கள். அதன் பிறகு தாராளமாகக் கண்டிஷனர். சமையல் சோடாவும் எலுமிச்சைச் சாறும் இதற்கு மாற்று ஆகாது. சோடாவின் காரம் முடித்தண்டின் மேலுள்ள செதில்களைத் தூக்கிவிடும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவுவது? வாரம் ஒருமுறை, அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. அமெரிக்கத் தோல் மருத்துவக் கழகம் ஆப்பிரிக்க முடிக்குச் சொல்லும் அளவும் இதுதான். தினமும் தலைக்கு ஊற்றுகிற நம் பழக்கத்தைப் பேத்தியின் தலையில் காட்ட வேண்டாம். சீயக்காய், அரப்பு இரண்டுமே இந்த முடியை மேலும் வறளச் செய்யும்.

“சீப்பு நுழையவில்லை, பிள்ளை அழுகிறது”

பிள்ளை அழுதால் முறை தப்பு என்று அர்த்தம். அழுகையைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லிப் பழக்கினால், தன் தலைமேல் வெறுப்புத்தான் வளரும்; ரிலாக்ஸர் டப்பாவுக்கான ஏக்கம் பல வீடுகளில் அங்கேதான் பிறந்தது.

தலையை நான்கு பகுதியாகவோ எட்டுப் பகுதியாகவோ வகிடெடுத்துப் பிரித்துக் கவ்வியால் கட்டுங்கள். ஒரு பகுதியை மட்டும் அவிழ்த்து, தண்ணீர் தெளித்து, வழுக்கும்படி கண்டிஷனர் தடவுங்கள். முதலில் விரல்கள். சிக்கை விரலால் பிரித்து எடுத்தபின்தான் அகலப்பல் சீப்பு. நுனியில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறுங்கள்; வேரிலிருந்து இழுத்தால் எல்லாச் சிக்கும் கீழே போய் ஒரே முடிச்சாகிவிடும். வேருக்கும் சீப்புக்கும் நடுவே முடியை மற்றக் கையால் இறுகப் பிடித்துக்கொண்டால் இழுப்பு தோலுக்குப் போகாது. சிக்கெடுத்த பகுதியை உடனே தளர்வாகப் பின்னிவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். கண்டிஷனர் தீர்ந்துபோனால் நம் வீட்டுச் செம்பருத்தி இலைத் தாளியும், வடிகட்டிய ஆளிவிதைக் கூழும் நன்றாகவே வழுக்கும்.

நுனியில் மிளகாய் விதையைவிடச் சின்னதாக முடிச்சுகள் தட்டுப்படுகின்றனவா? ஒற்றை முடி தன்னைத்தானே சுற்றிப் போடும் முடிச்சு அது. சுருள் இறுக்கமாக இருக்கும்வரை வரத்தான் செய்யும். முடிச்சுக்குச் சற்று மேலே கூர்மையான கத்தரியால் வெட்டிவிடுங்கள். இரவில் தளரப் பின்னி, சாட்டின் துணியால் கட்டிப் படுத்தால் குறையும். பருத்தித் தலையணை உறை ஈரத்தையும் உறிஞ்சும், முடியையும் உரசும்.

முடித்தண்டில் ஆங்காங்கே வெள்ளைப் புள்ளிகள் தெரிந்து, அந்தப் புள்ளியிலேயே ஒடிந்தால் அது வேறு. ஒடிந்த முனை தூரிகை போலப் பிரிந்திருக்கும். அது காரமோ சூடோ முரட்டுச் சீப்போ உண்டாக்கிய சேதம். அந்த நீளம் பிழைக்காது, வெட்டுங்கள்.

“ஒரு வருடமாக வளரவே இல்லை”

வளர்ந்திருக்கிறது. ஒரு சுருளைப் பிடித்து நீட்டிப் பாருங்கள். இறுக்கமான சுருள் காய்ந்ததும் தன் நீளத்தில் முக்கால் பங்குவரை சுருங்கும். பன்னிரண்டு சென்டிமீட்டர் முடி மூன்று சென்டிமீட்டர் போலத் தோன்றும். இது நலமான முடியின் அடையாளம். சுருங்காத பகுதி இருந்தால் அங்கேதான் சேதம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரே இடத்து முடியை நீட்டி அளந்து எழுதி வையுங்கள். கண்ணாடியை நம்ப வேண்டாம். நீட்டி அளந்தும் கூடவில்லையென்றால், வேரில் வருவதே நுனியில் ஒடிகிறது. மேலே சொன்ன வறட்சிக்கும் சிக்குக்கும் திரும்பிப் போங்கள்.

“மற்றவர்களுக்கு வளையம் வளையமாக விழுகிறது, எனக்குப் பஞ்சு மாதிரி நிற்கிறது”

இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகப் பேச வேண்டும்.

அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரபலம் ஓப்ரா வின்ஃப்ரியின் முடியலங்காரக் கலைஞர் ஆண்ட்ரே வாக்கர் 1990-களில் முடியை ஒன்று முதல் நான்கு வரை வகை பிரித்தார். நான்காம் வகையில் 4ஏ என்பது குரோஷே ஊசி தடிமனுக்குச் சுற்றும் தெளிவான சுருள். 4பி இசட் எழுத்தைப் போல மடங்கி மடங்கிப் போகும். 4சி என்ற பிரிவை, ரசாயனம் போடாமல் இயல்பான முடியோடு இருக்கும் இயல்முடிக்காரர்களே பிற்பாடு சேர்த்தார்கள். அதில் சுருள் தனித்தனியாகத் தெரியாது, அடர்ந்து எழும்பி நிற்கும். ஒரே தலையில் மூன்றும் இருக்கலாம். பிடரியில் ஒன்று, உச்சியில் ஒன்று.

பொருள் வாங்க இந்த எண்கள் கொஞ்சம் உதவும். தரவரிசையாக எடுத்துக்கொண்டால் கெடுதல். விளம்பரங்களில் ‘இயல்முடி’ என்று காட்டுவதெல்லாம் பெரும்பாலும் வளையமாகத் தொங்கும் சுருள்கள். 4சி முடியுள்ள பெண் அதைப் பார்த்து, ‘சுருளை வரவழைக்கும்’ கிரீம்களுக்கு மாதாமாதம் பணம் கொட்டுகிறாள். அவள் முடியில் அந்த வளையம் கிடையாது. எந்தக் கிரீமும் வேர்க்காலின் வளைவை மாற்றாது. நேர்முடிக்கு ஏங்கியதை நிறுத்திவிட்டுத் தொங்கும் சுருளுக்கு ஏங்கினால், பழைய கடையை விட்டுப் புதுக் கடைக்கு வந்ததுதான் மிச்சம்.

வடிவம் வேண்டுமென்றால் கையால் கொடுக்கலாம். ஈர முடியில் கூழ் (ஜெல்) தடவி, இரட்டைப் புரியாக முறுக்கி, முழுக்கக் காயவிட்டு, விரலில் எண்ணெய் தொட்டுப் பிரித்தால் மூன்று நாலு நாள் நிற்கும். அரைகுறை ஈரத்தில் பிரித்தால் பொசுக்கென்று எழும்பிவிடும். தோற்கிறவர்களில் பாதிப்பேர் இங்கேதான் தோற்கிறார்கள். வடிவம் வேண்டாமென்றால் விரலால் தூக்கிவிட்டு அப்படியே போங்கள். 1960-களின் இறுதியில் அமெரிக்கக் கறுப்பின இளைஞர்கள் பெருமையோடு சூடிக்கொண்ட ஆஃப்ரோ அதுதான்.

“ஒரு கற்றை மட்டும் நேராகவே தொங்குகிறது”

ரிலாக்ஸர் மிச்சம், அல்லது சூட்டுச் சேதம். ஈரப்படுத்தியும் சுருளாவிட்டால் இனி சுருளாது. வளரும்வரை அந்தக் கற்றையைச் சிறு குழாயில் சுற்றி மற்றவற்றோடு ஒப்பேற்றி, பிறகு வெட்டுங்கள்.

“தலை அரிக்கிறது, செதில் செதிலாக உதிர்கிறது”

செதில் பொடியாக, வெள்ளையாக, காய்ந்து விழுந்தால் ஷாம்பு சரியாக அலசப்படாமலோ கூழ் காய்ந்தோ இருக்கலாம். மஞ்சள் நிறத்தில் பிசுபிசுவென்று ஒட்டியிருந்தால் அது பொடுகு வகைத் தோலழற்சி. தலைத்தோல் எண்ணெயைத் தின்று வாழும் மலாசீசியா என்ற பூஞ்சைக்கு அதில் பங்குண்டு. அப்போது ‘தலை காய்ந்திருக்கிறது’ என்று எண்ணெய் தேய்ப்பது அதற்குச் சோறு போடுவதாகும். கீட்டோகோனசோல் அல்லது ஜிங்க் பைரித்தியோன் உள்ள ஷாம்புவை வாரம் ஒருமுறை, தோலில் மட்டும் படும்படி வகிடு வகிடாகத் தடவி, ஐந்து நிமிடம் வைத்து அலசுங்கள். முடித்தண்டுக்கு உங்கள் வழக்கமான கண்டிஷனர். நான்கைந்து வாரத்தில் தணியாவிட்டால் தோல் மருத்துவரிடம் போங்கள்.

“நெற்றியோரம் ஏறுகிறது”, “உச்சியில் மெலிகிறது”

இந்த இரண்டுக்கும் தள்ளிப்போட நேரமில்லை. மற்றவற்றில் நஷ்டம் நீளம்தான். இவற்றில் வேர்க்காலே போய்விடும்.

நெற்றியோரமும் காதோரமும் வெறுமையாகி, ஓரத்தில் மட்டும் மெல்லிய முடி வேலி போல நின்றால், இழுப்பினால் வரும் வழுக்கை. ரிலாக்ஸரை விட்ட பெண்கள் அடிக்கடி இதில் மாட்டுவதற்குக் காரணம், முடியைக் கையாளத் தெரியும்வரை பாதுகாப்புக்கென்று பின்னலையும் செயற்கைமுடிச் சேர்க்கையையும் இடைவெளியில்லாமல் போடுவது. பின்னியதும் தலை வலித்தால், மாத்திரை போட்டுக்கொண்டு தூங்க வேண்டியிருந்தால், வேரோரம் தோல் கூடாரம் போலத் தூக்கி நின்றால், சிறு கொப்புளம் வந்தால், அந்தப் பின்னலை அன்றைக்கே பிரியுங்கள். கொடுத்த பணம் போகட்டும். சரியான பின்னல் முதல்நாளே வலிக்காது. பெட்டிப் பின்னலோ (கட்டம் கட்டமாக வகிடெடுத்துப் பின்னுவது) கார்ன்ரோவோ (தலைத்தோலோடு ஒட்டி வரிசை வரிசையாகப் பின்னுவது) ஆறு முதல் எட்டு வாரத்துக்குமேல் வேண்டாம். அடுத்ததற்குமுன் சில வாரம் தலைக்கு ஓய்வு. ரிலாக்ஸர் மிச்சமிருக்கும் முடியில் கனமான செயற்கைமுடியைச் சேர்த்துப் பின்னுவது ஆபத்தை இரட்டிப்பாக்கும். தொடக்கத்திலேயே இழுப்பை நிறுத்தினால் முடி திரும்ப வரும். வருடக்கணக்கில் தொடர்ந்தால் தழும்பாகிவிடும்.

உச்சியில் நாணயம் அளவில் தொடங்கி, வட்டமாகப் பரவும் மெலிவு வேறு நோய். கறுப்பினப் பெண்களிடம் அதிகம் காணப்படும் தழும்பு வழுக்கை அது. அரிப்பு, எரிச்சல், தொட்டால் நோவு இருக்கலாம். ஒன்றும் இல்லாமலும் வரலாம். முதல் அறிகுறி பல நேரங்களில் உச்சியில் மட்டும் முடி ஒடிவது, அதனால்தான் வறட்சி என்று ஏமாந்துபோகிறார்கள். 1968-ல் மருத்துவர்கள், முடியை நேராக்கச் சூடேற்றி வாரும் சீப்பை வைத்து, இதைச் சூட்டுச்சீப்பு வழுக்கை என்று பெயரிட்டுப் பெண்களின் பழக்கத்தின்மேல் பழிபோட்டார்கள். சூட்டுச்சீப்பே தொடாதவர்களுக்கும் வந்தபோது பெயர் மாறியது. 2019-ல் பிஏடிஐ3 என்ற மரபணுவின் மாறுபாடுகளுக்கும் இதற்கும் தொடர்பு கண்டறியப்பட்டது. உங்கள் அம்மாவுக்கோ சித்திக்கோ உச்சி மெலிந்திருந்தால் நீங்கள் இன்னும் சீக்கிரம் காட்டிக்கொள்ள வேண்டும். தோலில் சிறு துண்டெடுத்துச் சோதித்து உறுதிசெய்வார்கள். அழற்சியை அடக்கும் மருந்துகள் பரவலைத் தடுக்கும். தழும்பான இடத்தில் முடி திரும்பாது. ஆகவே எண்ணெய், விதைச்சாறு, வெங்காயச் சாறு என்று ஒரு மாதம்கூடச் செலவழிக்காதீர்கள்.

தலை முழுவதும் சமமாகக் கொட்டினால், குமிழோடு கொட்டினால், இரும்புச் சத்தும் தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பின் மூன்றாம் மாத வாக்கில் கொட்டுவது தானே அடங்கும்.

“போதும், மறுபடி போட்டுவிடலாம் போலிருக்கிறது”

உங்கள் தலை, உங்கள் முடிவு. தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் ‘சகோதரி ஆய்வு’ 33,497 பெண்களை ஏறக்குறைய பதினோரு வருடம் தொடர்ந்து கவனித்தது. அதன் முடிவு 2022 அக்டோபரில் வெளியானது. ரசாயன முடிநேராக்கிகளை முந்தைய ஒரு வருடத்தில் நான்கு தடவைக்குமேல் பயன்படுத்தியதாகச் சொன்னவர்களுக்கு, பயன்படுத்தாதவர்களைவிடக் கருப்பைப் புற்றுநோய் இரண்டு மடங்குக்கும் மேலாகக் காணப்பட்டது. எழுபது வயதுக்குள் வரும் வாய்ப்பு, பயன்படுத்தாதவர்களுக்கு 1.64 சதவீதம், அடிக்கடி பயன்படுத்தியவர்களுக்கு 4.05 சதவீதம். இது தொடர்பைக் காட்டும் ஆய்வு; காரணத்தை நிரூபித்துவிட்டதாகச் சொல்ல முடியாது, பெரும்பாலோருக்கு நோய் வருவதுமில்லை. ஆனாலும் நேராக்கிகளைப் பயன்படுத்தியவர்களில் சுமார் அறுபது சதவீதம் கறுப்பினப் பெண்கள் என்பதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. இவர்கள் அழகுக்காக மட்டுமா போட்டார்கள்? வேலை கிடைக்க, பள்ளியில் பேச்சு வாங்காமலிருக்கப் போட்டார்கள்.

ரிலாக்ஸருக்குப் பதில் கெராட்டின் போடலாம் என்று சிலர் இழுப்பார்கள். அந்த வகைகளில் பல சூடேறும்போது ஃபார்மால்டிஹைடை வெளியிடும். இயல்புக்குள் நின்றே ஓய்வெடுக்க வழி தேடுங்கள்: ஒரு மாதம் தளர்வான ட்விஸ்ட் (இரட்டைப் புரி), கொஞ்சநாள் விக், அல்லது மொட்டையோரமாக வெட்டிய குட்டைமுடி.

“பள்ளியில் ‘ஒழுங்காக வாரி வா’ என்கிறார்கள்”

இந்த அறிகுறி தலையில் இல்லை. 1786-ல் லூயிசியானாவின் ஆளுநர் எஸ்தேபன் மீரோ, ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்கள் முடியலங்காரத்தைக் காட்டாமல் துணியால் மூடவேண்டுமென்று ஆணையிட்டார். 2016 ஆகஸ்டில் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா பெண்கள் உயர்நிலைப்பள்ளி மாணவிகள், தங்கள் ஆஃப்ரோவைக் குறை சொன்ன விதிகளை எதிர்த்து நின்றார்கள், விதி இடைநிறுத்தப்பட்டது. அமெரிக்காவில் கலிஃபோர்னியா 2019 ஜூலையில் கிரவுன் சட்டத்தை நிறைவேற்றி, முடியின் இயல்பையும் பின்னலையும் காட்டிப் பாகுபடுத்துவது இனப் பாகுபாடே என்றது. பல மாநிலங்கள் பின்தொடர்ந்தன. பிரிட்டனில், கார்ன்ரோ பின்னிய சிறுவனைச் சேர்க்க மறுத்த வடமேற்கு லண்டன் பள்ளியின் விதி மறைமுக இனப் பாகுபாடு என்று 2011-ல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சமத்துவ மற்றும் மனித உரிமைகள் ஆணையம் 2022 அக்டோபரில் பள்ளிகளுக்கு வழிகாட்டுதலும் வெளியிட்டது.

ஆகவே பிள்ளை வாடிய முகத்தோடு வீட்டுக்கு வந்தால் முடியில் கை வைக்காதீர்கள். யார், எந்தத் தேதியில், என்ன வார்த்தையில் சொன்னார்கள் என்று எழுதி வையுங்கள். பள்ளியின் தோற்ற விதியை எழுத்தில் கேளுங்கள். பதில் கடிதத்தில் ஆணையத்தின் வழிகாட்டுதலைக் குறிப்பிட்டு, விதிவிலக்கு ஏன் தரப்படவில்லை என்று கேளுங்கள். பிள்ளைக்கு முன்னால் இந்தக் கடிதத்தை எழுதுவது நல்லது. அடுத்த நாள் காலை வழக்கம்போல் தண்ணீர் தெளித்து, வகிடெடுத்து, பின்னி அனுப்புங்கள்.